முறைத் தண்ணீர் நாளில் கார் பந்தயம்

நெமோட்டோ மூன்றாம் தடவையாக இனிப்புப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது கிமியே வீட்டில் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அவள் இருந்திருந்தால் பெட்டி வந்த வழியே திரும்பியிருக்கும். இருந்தவர் அவள் கணவர் யோஷிமசா. எதிராளி குனிந்தால் அவனைவிடத் தாழக் குனிகிற மனிதர். பெட்டியை வாங்கினார். வாங்கினதோடு விட்டாரா? நேரே முன்னோர் மாடத்தில் கொண்டுபோய் வைத்து, மணியும் அடித்துவிட்டார். செத்துப்போன தாயாருக்குப் படைத்ததை எடுத்துத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஊரில் எந்தக் கொம்பனாலும் முடியாது. இனிப்பை ஏற்றால் அதோடு வந்த பேச்சையும் ஏற்றதாகத்தான் அர்த்தம்.

நெமோட்டோ, மலைமேல் இருக்கிற பந்தயத் திடலின் ஆள். ஊர்க்காரர்களிடம் பல்லிளித்துக் காரியம் முடிக்கவே சம்பளம் வாங்குகிறவன். ஒவ்வொரு வசந்தத்திலும் அமெரிக்கக் கார் பந்தயம் ஒன்று, வண்டி வாகனம் ஆள் அம்போடு விமானம் ஏறி வந்து, அங்கே ஒரு நாள் ஓடிவிட்டுப் போகும். பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்த, அடிவாரத்து நெல்வயல்களை வாடகைக்கு விடுவோம். ஏப்ரல் தொடக்கத்தில் வயல் சும்மாதானே கிடக்கிறது? கார்கள் போனதும், இறுகின மண்ணை உழுது, வாய்க்காலில் அவரவர் முறை வரும்போது தண்ணீர் பாய்ச்சி, தட்டுகளில் வளர்த்த நாற்றை மே மாதம் நடுவோம். இத்தனை வருஷமும் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம் அமெரிக்கக்காரர்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் நாட்டில் பந்தயம் நடத்துகிற நகரம் ஒன்று, எங்கள் தேதி தன்னுடைய பரம்பரைத் தேதி என்று குறுக்கே விழுந்தது. தேதியைத் தள்ளினார்கள். தள்ளிய தேதியில் வேறு ஒரு விளையாட்டை ஒளிபரப்பவேண்டும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் முறைத்தார்கள். அதற்கடுத்த வாரம் என்றால், சாமான்களை அதற்குள் கடல் தாண்டிக் கொண்டுவர முடியாது என்று அணி முதலாளிகள் முரண்டு பிடித்தார்கள். எல்லாரும் முட்டி மோதிக் கடைசியில் வந்து நின்ற இடம், மே மாதத்து முதல் ஞாயிறு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் இரண்டுபட்டார்கள், ஊர் திண்டாடியது. அந்த ஞாயிறு வரைக்கும் வயலை நனைக்காமல் வைத்திருங்கள் என்று கேட்கத்தான் நெமோட்டோ வீடு வீடாக இனிப்புப் பெட்டி சுமந்தான்.

பெட்டியை மாடத்தில் பார்த்ததும் கிமியேவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம மடையை மூடி வெச்சா நொபுயோ என்ன பண்ணுவா? அத யோசிச்சீங்களா?" என்றாள்.

யோஷிமசா மாடத்து மணியைத் துடைக்க ஆரம்பித்தார். யோசிக்கவில்லை என்பதுதான் பதில்.

நொபுயோவின் வயல் கிமியேவின் வயலுக்கு நேர் கீழே இருந்தது. வாய்க்காலிலிருந்து அவளுக்குத் தனி மடை கிடையாது. இரண்டு வயலுக்கும் சேர்த்து ஒரே முறை. கிமியே வயல் நிறைந்து வழிந்தால்தான் அவளுக்குத் தண்ணீர். நொபுயோவின் புருஷன் பனிக்காலத்தில் மார்வலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை. காரியம் முடிந்த கையோடு புருஷனின் அண்ணன் ஒசெகி, அவர்தான் எங்கள் ஊர்த்தலைவரும், அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இந்த வருஷம் தனியாக ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டினால் தம்பி நிலத்தை வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் அது நிரந்தரமாகக் கார் நிறுத்தத் திடலுக்குப் போகும், அவளும் பிறந்த ஊருக்குப் போகலாம்.

எங்கள் மலைக்காட்டில் நடவு பிந்தினால் கதிர் வரும் நேரத்தில் குளிர் பிடித்துப் பதராய்ப் போகும். மற்றவர்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, பதரானாலும் சோறு உண்டு. நொபுயோவுக்கு அந்த ஒரு வயலை விட்டால் நிற்க இடமில்லை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

பொதுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நெமோட்டோ நெற்றி பாயில் படக் குனிந்தான். அமெரிக்காவின் முடிவு, தங்கள் கையில் எதுவும் இல்லை என்றான். ஒசெகி, ஊரே ஒத்துக்கொண்டாயிற்று, அவரவர் முறையை இந்த ஒரு சுற்று விட்டுக்கொடுப்போம் என்று முடிக்கப் பார்த்தார். நொபுயோ கதவோரம் உட்கார்ந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருத்தராவது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பாயைத்தான் பார்த்தார்கள்.

கிமியே எழுந்து நின்றாள்.

"தேதிய மாத்தினது அவங்க. அவங்க நாட்டுல டிவிக்காரன் மனசு நோகக்கூடாது, முதலாளி மனசு நோகக்கூடாது. இங்க ஒருத்தி நாத்து தட்டுலயே மஞ்சளாப் போனா மட்டும் பரவாயில்லையா? நான் கையெழுத்துப் போட்டது ஏப்ரலுக்கு. என் முறை அன்னைக்கு என் மடை திறக்கும்."

பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டீர்களே என்று ஒசெகி கேட்டார்.

"அதத் தின்னது என் மாமியார். அவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. யோஷிமசாவின் காது மட்டும் சிவந்தது.

முறை நாளன்று விடிந்ததும் கிமியே மடைப்பலகையைத் தூக்கினாள். எங்கிருந்தோ மோப்பம் பிடித்து ஓடிவந்த நெமோட்டோ, கார்கள் சேற்றில் புதையும், நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று வரப்பில் நின்று கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயல் மெதுவாக நிறைந்தது. அப்போது யோஷிமசா மண்வெட்டியோடு வருவதைப் பார்த்தாள். மடையை அடைக்கத்தான் வருகிறார் என்று நினைத்து வழிமறித்தாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு கீழ் வரப்புக்குப் போய், நொபுயோ வயல் பக்கம் ஓங்கி வெட்டினார். தண்ணீர் இறங்கியது.

ஊர் அவர்களோடு பேச்சை நிறுத்தியது. கடையில் கிமியே நுழைந்தால் மற்றவர்கள் விலைப்பட்டியல் படித்தார்கள். நடவுக்கு ஒருத்தரும் வரவில்லை.

பந்தய ஞாயிறு வந்தது. சுற்றிலும் காய்ந்த வயல்களில் கார்கள் வரிசை வரிசையாய் நின்றன. நடுவே இரண்டு வயல் மட்டும் தண்ணீரோடு கிடந்தன. யோஷிமசா நடவு எந்திரத்தை ஓட்டினார். எந்திரம் எட்டாத மூலைகளில் பெண்கள் இருவரும் கையால் நட்டார்கள். மேலே மலையில் என்ஜின்கள் காது கிழியக் கத்தின. வந்தவர்கள் சிலர் இவர்களைப் படம் எடுத்தார்கள். கிமியே சேற்றுக் கையை உதறி, எடுத்தவன் பூட்ஸில் பட வைத்தாள். வேண்டுமென்றேதான் செய்தாள். எனக்குத் தெரியும்.

கார்கள் போயின. இறுகிக் கிடந்த வயல்களோடு ஊர் மிஞ்சியது. எல்லாருடைய நாற்றும் தட்டில் வெளுத்துக்கொண்டிருந்தது. விட்டுக்கொடுத்த முறை திரும்பி வராது. அடுத்த சுற்று மறுநாள் காலை, மறுபடியும் தலைமடையான கிமியே வீட்டிலிருந்துதான் தொடங்கும். கடைசி முறை ஒசெகிக்கு. அவர் அந்தக் காலையிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். உங்கள் முறையை எனக்கு மாற்றித் தரமுடியுமா என்று கிமியேவிடம் கேட்டார்.

"இது ரெண்டு வீட்டு முறை. நான் சரின்னாலும் அவ சரின்னு சொல்லணும். அவகிட்டக் கேளுங்க."

நொபுயோ வயலுக்குள் முழங்கால் சேற்றில் நின்றாள். ஒசெகி அவள் பக்கம் திரும்பி, தம்பி நிலத்து முறைத் தண்ணீரைத் தரமுடியுமா என்றார்.

நொபுயோ நிமிர்ந்தாள். இத்தனை மாதமும் தேநீர் ஊற்றின கையிலிருந்து சேற்றை வழித்துவிட்டாள்.

"தர்றேன் அத்தான். ஆனா தம்பி நிலம்னு கேக்காதீங்க. யார் நிலம்னு சொல்லிக் கேளுங்க."

ஒசெகி தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். மலையைப் பார்த்தார். பிறகு, உதடு மட்டும் அசைகிற குரலில், "உன் நிலத்துத் தண்ணிய..." என்றார்.

"எனக்குக் கேக்கல," என்றாள் கிமியே. "நேத்து பூரா உங்க பந்தயச் சத்தத்துல காது அடைச்சுப்போச்சு. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அக்கம்பக்கத்து வயல்களில் இருந்தவர்கள் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்கள். ஒசெகி சத்தமாகச் சொன்னார். நொபுயோ கரையேறிப் போய், மடைப்பலகையைத் தன் கையால் அடைத்து, தண்ணீரை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.