பெற்றோல் செலவில்லாத வண்டி

இந்த வண்டியை ஸ்ரார்ட் பண்ணத் தேவையில்லை. கதவைத் திறந்து ஏறி இருந்து பிரேக்கை மிதித்தால் போதும், அது ஏற்கனவே தயாராக இருக்கும். உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை, புகை இல்லை. வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஒவ்வொரு நாள் காலையிலும் ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டு வாசலில் அதற்குள் ஏறி இருந்தபடி, நான் எதற்கோ காத்திருக்கிறேன். அப்படிக் காத்திருக்கும்போது என் இடக்கைப் பெருவிரல் தண்ணீர்ப் போத்தலின் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருக்கும். அதுவும் மூடி போட்ட போத்தலை. இதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எங்கள் தொழில் மணவறை வாடகைக்கு விடுவது. கோயில் தூண் போலச் செய்த தூண்கள், மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருக்கும் கதிரைகள், மண்டப வாசலில் நிற்பதற்குப் பொன்நிறம் பூசிய இரண்டு யானைகள். நானும் என் தம்பி சிவபாலனும் சேர்ந்து தொடங்கினோம். எந்த மண்டபத்துக்கு எந்தத் தூண் பொருந்தும், கூறைச்சேலையின் நிறத்துக்கு எந்தத் துணி எடுபடும் என்பதெல்லாம் என் பாடு. வண்டி ஓடுவது அவன் பாடு. மொன்றியல், ஒட்டாவா, வின்சர் என்று எங்கே கலியாணம் நடந்தாலும் அவனுடைய பெற்றோல் பிக்கப் ட்ரக்கில் அவன்தான் சாரதி. நான் பக்கத்து இருக்கையில் மேளம், மாலை, மாவிலை பற்றிய ரெலிபோன் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு போவேன். இந்த நகரத்துக்குள் வான் ஓடிப் பழகியவள்தான் நான், என் லைசென்சுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓட எனக்கு ஏலாது என்று யாரோ எப்போதோ முடிவு கட்டியிருந்தார்கள். யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அதனால்தான் அறுபது வயது நெருங்கும் நேரத்தில், நான் சேர்த்த காசில், என் பெயரில், ஒரு மின்சார பிக்கப் ட்ரக் வாங்கினேன். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிக்கப் என்றால் முன்பக்கம் கார், பின்பக்கம் கூரையில்லாத லொறி. இந்த நாட்டு ஆண்கள் சிலர் அதைக் கட்டிய மனைவியைவிடப் பத்திரமாகப் பார்க்கிறார்கள். என் கணவர் இந்தக் கதையில் இல்லை. அவருக்கு அரை மணித்தியாலம் காரில் இருந்தாலே தலை சுற்றும், நல்ல மனுசன், வீட்டில் இருந்து ரீவி பார்ப்பார். எதிர்ப்பு வந்தது தம்பியிடமிருந்து.

"உதென்ன அக்கா, விளையாட்டுச் சாமானே? மொன்றியலுக்குப் பாரத்தோட போகேக்கை நடுறோட்டில நிண்டா என்ன செய்வாய்?"

"நிக்க முதல் சார்ஜ் பண்ணுவன்."

"சார்ஜ் பண்ணுற காசுக்குப் பெற்றோல் அடிச்சாலே மலிவு. நான் சொல்லுறன், எழுதி வை."

பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது. மொன்றியலில் ஒரு கலியாணம் வந்திருந்தது. மணவறையைப் பாதி பாதியாக இரண்டு ட்ரக்கிலும் ஏற்றிப் போவது. போய்ச் சேர யாருக்கு எவ்வளவு செலவு என்று பார்ப்பது. என் செலவு கூடினால் நான் வண்டியை விற்றுவிட்டு, தூர ஓட்டங்களை இனி அவனிடமே விட்டுவிட வேண்டும். அவன் செலவு கூடினால்? "நான் இனி வாய் திறக்கமாட்டன்," என்றான். தோற்றால் எனக்கு வண்டி போகும், அவனுக்குப் பேச்சு போகும். இந்தப் பந்தயத்துக்கு நான் ஓமென்று சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வெள்ளைக்காரர் இந்த ஒப்பீட்டை நிறையச் செய்திருக்கிறார்கள். என் மகள் மதுரா அவர்களின் வீடியோக்களையெல்லாம் ரெலிபோனில் காட்டினாள். வீட்டில் இரவு மின்சாரத்தில் சார்ஜ் பண்ணினால் பெற்றோலோடு ஒப்பிடவே தேவையில்லை, அவ்வளவு மலிவு. நெடுஞ்சாலையில் வேகமாக சார்ஜ் பண்ணும் இடங்களில் விலை ஏறும், ஆனாலும் நட்டமில்லை. "அம்மா, யூ வில் ஈஸிலி வின்," என்றாள். இந்த நன்மையெல்லாம் சொந்த வாசல் உள்ளவர்களுக்குத்தான் என்பது எனக்குத் தெரியாமலில்லை. வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிக்கு மேல் மாடியாக அடுக்கிய வீடொன்றில் நாங்கள் இருந்தபோது இந்த வண்டி இருந்திருந்தால், யன்னலால் வயரைத் தொங்கவிட்டுத்தான் சார்ஜ் பண்ணியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த வெள்ளைக்காரர்களின் ட்ரக்கில் ஒரு புருசனும் பெண்சாதியும் ஒரு நாயோடு போகிறார்கள். பின்பெட்டியில் இரண்டு சைக்கிள். எங்கள் ஆட்களின் ட்ரக் அப்படிப் போனதை யாராவது கண்டிருக்கிறீர்களா? நான் மொன்றியலுக்குப் போகிறேன் என்ற செய்தி எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபுறோவுக்கு எட்டிய அன்றே ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. ஒருத்தியின் தங்கச்சிக்கு ஒரு பெட்டி சாறி. இன்னொருத்தியின் மருமகளுக்கு மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும். இரும்புக்கால் வைத்த ஒரு தையல் மெசின். கடைசியாக, சலவைக்கல் பதித்த ஒரு சாப்பாட்டு மேசை. அதைத் தூக்கிவர நாலு ஆம்பிளைகள் வந்தார்கள். தம்பியின் ட்ரக்கும் அதே இடத்துக்குத்தான் போகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். மேசைக்காரி என்னைப் பாவம் பார்த்துச் சொன்னாள்:

"அவருக்குப் பெற்றோல் செலவெல்லே அக்கா. உங்கட கறண்டில ஓடுற வண்டிதானே. உங்களுக்கென்ன செலவு?"

எல்லோருடைய கணக்கும் அதுதான். பெற்றோல் இல்லையென்றால் செலவில்லை, செலவில்லையென்றால் பாரமில்லை. மறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மொன்றியலுக்குப் போகிறவள் சாமான் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு இந்த ஊரில் ஒரு கலியாண வீட்டில் தலைகாட்ட முடியுமா? அதுவும் கலியாணத்தில் பிழைக்கிறவள். யானை இரண்டும் என் பங்கில் வந்திருந்தன. அவற்றுக்குக் கீழே மேசையையும் மெசினையும் அடக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். தம்பி தன் ட்ரக்கில் தூண்களையும் கதிரைகளையும் ஏற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

ஓடத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு பயமும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். வண்டி பாரத்தை உணர்ந்ததாகவே தெரியவில்லை, மிதித்ததும் பாய்ந்தது. பற்றறி மட்டும் உணர்ந்தது. எதிர்க்காற்றில் யானைகள் நெஞ்சை நிமிர்த்தி நின்றன, திரையில் மீதி ஓட்டம் மளமளவென்று குறைந்துகொண்டே வந்தது. ஒஷாவா தாண்டும்போது இருந்த நம்பிக்கை பெல்வில் தாண்டும்போது இல்லை. வெறும் வண்டியாய் வந்திருந்தால் கிங்ஸ்ரனில் ஒரு தரம் நின்றால் போதும். இப்போது கோர்ண்வோலிலும் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எரிபொருள் குறையக் குறைய எனக்குப் பதற்றம் வராது. அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலைச் சின்னப் போத்தல்களில் விற்றார்கள், வாங்கக் கூடியவர்கள் வாங்கினார்கள். எங்கள் அப்பா ஏ போர்ட்டி என்ற பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓடியவர். அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். மண்ணெண்ணெயில் கார் ஓடும், ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. கிளப்புவதற்கு மட்டும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்ற வேண்டும். அப்பா முன்னால் நின்று இரும்புக் கம்பியைக் கொடுத்துச் சுற்றுவார். நான் எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்துவிட்டு, பக்கத்தில் மருந்துப் போத்தலோடு நின்று, அவர் கை மேலே வரும் நேரம் பார்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவேன். கூடினால் வீண். குறைந்தால் அப்பாவின் தோள்மூட்டு போகும். தக்கை சுருங்கிப்போன போத்தல் என்பதால், ஆவியாய்ப் போகாமல் பெருவிரலால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன். உள்ளே இருக்கையில் தம்பி அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டிருப்பான். மீசைகூட அரும்பவில்லை அவனுக்கு. கார் பிடித்ததும் வெள்ளைப் புகை முற்றத்தை நிறைக்கும். பிள்ளைப்பேறுக்காரியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்பா அவனை முன்னால் வைத்துக்கொண்டு போவார், ஓட்டம் பழகட்டும் என்று. நான் போத்தலோடு உள்ளே போய்விடுவேன்.

கிங்ஸ்ரனில் வண்டியை சார்ஜ் வயரில் கொழுவிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் பிரித்தேன். தம்பி பக்கத்துப் பெற்றோல் நிலையத்தில் ஒரு நொடியில் நிரப்பிவிட்டு, கோப்பியோடு வந்து நின்று மணிக்கூட்டைப் பார்த்தான். அப்போது தொப்பி போட்ட உயரமான ஒரு வெள்ளைக்காரர் வந்தார். யானைகளைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஷோ நடத்துகிறவர்களா?" என்று என்னிடம் கேட்டார். கலியாணம் என்றேன். யாருடைய கலியாணம் என்றார். தெரியாது என்றேன். முன்பின் தெரியாதவர்களின் கலியாணத்துக்கு யானை கொண்டுபோகும் பெண்ணை அவர் அதற்குமுன் கண்டிருக்க மாட்டார். சற்று யோசித்துவிட்டு, நல்வாழ்த்துகள் என்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். ட்ரக் எப்படி ஓடுகிறது, பாரத்தோடு எவ்வளவு தூரம் போகிறது, ஒரு தரம் சார்ஜ் பண்ண என்ன செலவு என்றெல்லாம் அவனிடம் கேட்டார். யானையைப் பற்றி என்னிடம், ட்ரக்கைப் பற்றி அவனிடம். வீதி முழுக்க என் வண்டியைக் குறை சொல்லிக்கொண்டு வந்தவன், தன்னுடையதைப்போலத் தலையை ஆட்டி, "வெரி குட் ட்ரக்," என்றான். வாயில் புட்டு இருந்தபடியால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மொன்றியலில் இறக்கி முடித்த கையோடு மண்டபத்தின் பின்வாசலில் நின்று கணக்குப் பார்த்தோம். என் செலவுதான் கூட. மோசமான தோல்வி இல்லை, ஒரு குடும்பம் கடையில் சாப்பிடும் காசளவுதான், ஆனால் கூட. நகரத்துக்குள் நான் மிச்சம் பிடிப்பதையும், ஒயில் மாற்றத் தேவையில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். சலவைக்கல் மேசையையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த இடத்தில் மண்டபத்தில் கறண்ட் நின்றுபோனது, என் வண்டியின் மின்சாரத்தில்தான் தாலி கட்டினார்கள் என்று நான் எழுதுவேன் என்று சிலர் எதிர்பார்க்கக்கூடும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மண்டபத்தில் நல்ல வெளிச்சம், கலியாணம் சிறப்பாக நடந்தது.

"சரி அக்கா," என்றான் தம்பி. "பந்தயம் பந்தயம்தானே. வாக்குக் குடுத்தனி."

"ஓம், குடுத்தனான். இப்ப திருப்பி எடுக்கிறன்."

"அதென்ன கதை? உன்ர செலவு கூடத்தானே?"

"கூடத்தான். நீ உன்ர ட்ரக் வாங்கேக்கை ஆர் உன்னட்டைக் கணக்குக் கேட்டது? நான் கேட்டனானோ? அது எவ்வளவு குடிக்குதெண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. என்னட்டை மட்டும் ஏன் கேக்கிறியள்?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. மலிவாக இருந்தால்தான் ஒரு பெண் தன் வண்டியை ஓடலாம் என்று எந்த நாட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அந்த நாட்டில் மண்ணெண்ணெய், இந்த நாட்டில் மின்சாரம், எரிவது மாறியது. சாரதி இருக்கை யாருடையது என்பது மட்டும் கப்பலேறி, விமானமேறி, அப்படியே எங்களோடு வந்து இறங்கியிருக்கிறது. சாவியைக் கைப்பையில் போட்டு சிப்பை இழுத்து மூடினேன்.

திரும்பி வரும்போது மொன்றியல்காரரும் ரொறன்ரோவுக்குச் சாமான் தந்தார்கள். பாதியை அவன் ட்ரக்கில் ஏற்றினேன், அவன் தடுக்கவில்லை. முன்னால் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் கிங்ஸ்ரனில் நான் வண்டியைக் கொழுவியபோது, குளிர்காற்றில் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்து என் பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தான். அந்த இருக்கையில் அவன் இருந்தது அதுதான் முதல் தரம். புட்டு மிச்சமிருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். முன்னால் இருந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"உந்த வண்டியை எப்பிடி ஸ்ரார்ட் பண்ணுறது?"

"பண்ணத் தேவையில்லை."

"அப்பாவின்ர ஏ போர்ட்டிக்கு எவ்வளவு பாடு, என்ன? ஒரு கையால கம்பியைச் சுத்தி, மற்றக் கையால பெற்றோலை ஊத்தி. பாவம் மனுசன், தனிய நிண்டு."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். "அப்பா சுத்தினவர். ஊத்தினது நான்."

"நீயோ?" அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. "எனக்கு நீ நிண்ட ஞாபகமே இல்லை, அக்கா."

"பொனற் திறந்திருந்தது. நீ உள்ளுக்கு இருந்தனி. உனக்குத் தெரிஞ்சிராது."

பெற்றோல் நிலையத்தில் வாகனங்கள் வந்து நிரப்பிக்கொண்டு போயின.

"அப்ப ஏன் நீ அங்கை ஓடப் பழகேல்லை?"

"ஆர் என்னைக் கேட்டது?"

வண்டி சார்ஜ் ஏறியதும் இறங்கினான். கதவைச் சாத்தப் போனவன், குனிந்து, அடுத்த மாதம் வின்சரில் ஒரு கலியாணம் இருக்கிறதே என்றான்.

"நான் ஓடுறன்," என்றேன்.

"செலவு கூடும்."

"கூடட்டும்."

வயரைக் கழற்றி மாட்டிவிட்டு ஏறி இருந்தேன். நானூற்றியொன்றில் ஏறியபோது தம்பியின் ட்ரக் எனக்குப் பின்னால் வந்தது, கண்ணாடியில் அதன் லைற் தெரிந்தது. யானைகள் பின்னால் ஆடாமல் நின்றன. வலது கால் மிதிக்க, வண்டி சத்தமில்லாமல் ரொறன்ரோவை நோக்கி ஓடியது. என் இடக்கை தன்பாட்டில் கதவோரம் இறங்கி, மூடி போட்ட தண்ணீர்ப் போத்தலின் வாயைப் பெருவிரலால் பொத்திக்கொண்டது. அந்த விரல் இன்னும் அங்கேதான், திறந்த பொனற்றுக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாமல் நிற்கிறது.