ஜெசிந்தா அக்காவுக்கு வந்த நோய்

பாகான் டாலாமிலிருந்து புறப்பட்ட எங்கள் தொழிற்சாலைப் பேருந்து தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியபோது செய்தி வந்தது. ஜெசிந்தா அக்காவின் அண்ணன் எழுதிய அறிவிப்பை யாரோ எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். 'சில காலமாக உடல்நலமின்றி இருந்த எங்கள் சகோதரி ஜெசிந்தா இறைவனில் இளைப்பாறினார்.' அடுத்த நிமிடமே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றில் பாதி, அவர் பக்கத்தில் உட்கார மறுத்தவர்களின் கைகள்.

மாலையில் ஜெலுத்தோங்கில் அவருடைய வீட்டுக்குப் போனேன். சக ஊழியர் என்ற முறையில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழுந்ததும் அண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"தங்கச்சி, கேன்சர்னு வேணும்னா சொல்லுங்க. எந்த எடம்னு வேணாம். பை அது இதுன்னு ஒண்ணும் வேணாம் லா. கோயில் ஆளுங்கல்லாம் வந்திருக்காங்க. மரியாதையா முடிச்சிருவோம்."

நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன். ஜெசிந்தா அக்காவுக்கு வந்தது மலக்குடலில் புற்றுநோய். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

மறைத்த காலம் ஒன்று இருந்தது; அது நோயின் பெயர் தெரிவதற்கு முன்பு. மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. தொழிற்சாலைக்காரர்கள் போகும் கிளினிக்கில் முதலில் 'கேஸ்திரிக்' என்றார்கள். இங்கே வயிற்றில் எது வந்தாலும் அந்தப் பெயர்தான். வெள்ளை மருந்து கொடுத்தார்கள். பிறகு மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். படுக்கவைத்து ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. அக்காவும் வாய் திறக்கவில்லை. "மூலம்னு சொன்னா லைன்ல இருக்கிறவங்க சிரிப்பாங்கன்னு கம்முனு இருந்தேன். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்கன்னு அப்பவே இருந்திருக்கணும்" என்று பின்னாளில் சொன்னார். உடல் மெலிந்து, வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் அரசாங்க மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி முற்றியிருந்தது. ஆசனவாயோடு சேர்த்து வெட்டியெடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை போட்டு, மலம் அதன் வழியாக ஒரு பைக்குள் இறங்கும்படி செய்தார்கள். ஆயுள் முழுக்க அந்தப் பைதான்.

தையல் ஆறியதும் அவர் முதலில் போன இடம் அந்தக் கிளினிக். துணைக்கு நானும் போனேன். மருத்துவர் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அக்கா மேற்சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பையைக் காட்டினார்.

"டாக்டர், நீங்க கேஸ்திரிக்னு சொன்னீங்களே, அது இதுதான்."

மருத்துவர் பையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "வெளியில பேஷண்ட் வெயிட் பண்றாங்கம்மா" என்றார். வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா காரின் மேல் கை ஊன்றி நின்று அழுதார். "ஒரு சாரி சொல்லியிருக்கலாம்டி" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வேலைக்குத் திரும்பியபோது எல்லாரும் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சில வாரங்களில் சூப்பர்வைசர் வந்து நெளிந்தார். "அக்கா, கம்ப்ளெயின் வந்திருக்கு. வாடை அடிக்குதாம். ஸ்டோருக்கு மாத்திடறேன், உங்களுக்கும் சூசா இல்ல, சிரமமில்ல." வாடை எதுவும் இல்லை. பக்கத்து மேசை என்னுடையது. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "என் பைக்கு மூடி இருக்கு. உங்க வாய்க்குத்தான் இல்ல." ஆனாலும் மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத ஸ்டோரில், பெட்டிகளுக்கு நடுவே, கடைசிவரை தனியாகத்தான் வேலை செய்தார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவது எங்கள் பிரிவில் வழக்கம். அக்காவின் ஆட்டிறைச்சிப் பெரட்டலுக்கு முன்பெல்லாம் அடிதடி நடக்கும். வரிசையில் பின்னால் நின்றால் எலும்புகூட மிஞ்சாது. அன்று அதே சட்டி மேசை நடுவில் இருந்தது. கரண்டிகள் அதைத் தாண்டித் தாண்டிப் போயின. "இன்னைக்கு விரதம்க்கா", "எனக்குக் கொலஸ்ட்ரால்க்கா" என்று ஆளுக்கொரு காரணம். விரதம் என்று சொன்னவரின் தட்டில் கோழிக்கால் இருந்தது. அக்கா ஒரு தட்டை எடுத்து, சோறு போட்டு, பெரட்டலை அள்ளி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் எதிரே உட்கார்ந்தார். எனக்கும் வைத்தார். நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "உப்பு, உறைப்பு எல்லாம் சரியாத்தான் இருக்கு. கறி கையாலதான் ஆக்குறது, வயித்தால இல்ல." மிச்சத்தை அவரே மூடி எடுத்துப்போனார். அதன் பிறகு அவர் விருந்துக்கு எதுவும் கொண்டுவரவில்லை. அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

போன வருடம் எனக்கு இரண்டொரு தடவை ரத்தம் பட்டது. உடைமாற்றும் அறையில் பேச்சுவாக்கில் சொன்னேன். தலை சீவிக்கொண்டிருந்த அக்கா சீப்பைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"சூடுக்கா. எளநீ குடிச்சா சரியாயிரும்."

"சூடுமில்ல மண்ணுமில்ல. நாளைக்கு லீவு போடு."

"ஸ்கோப் எல்லாம் விடுவாங்கக்கா. வெக்கமா இருக்கு."

"வெக்கப்பட்டவ எப்படி இருக்கேன்னு பார்த்தேல்ல? கெளம்பு."

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் அக்காவின் கார் நின்றது. மருத்துவமனையில் பதிவு செய்யும் இடத்தில் நான் தயங்கியதும் அவரே எட்டி, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஆய் போறப்ப ரத்தம் போகுது இவளுக்கு" என்றார். எனக்கு அங்கேயே மறைந்துவிடலாம் போலிருந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் ஒரு சிறு சதைக்கட்டி இருந்தது. அப்போதே நீக்கிவிட்டார்கள். விட்டிருந்தால் பின்னாளில் புற்றாக மாறியிருக்கலாம் என்றார் மருத்துவர். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுவதும் சந்தோஷம் என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்கு ரத்தம் போன நாட்களில் அவரை இப்படிப் பிடித்து இழுத்துப்போக ஒருவரும் இருக்கவில்லை.

சில மாதங்களில் அவருக்கு நோய் கல்லீரலில் திரும்பியது. கடைசியாகப் பார்க்கப் போனபோது, கட்டிலைச் சுற்றிக் கோயில் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைக் குனியச் சொல்லிக் காதில் பேசினார். "எல்லாரும் அமைதியா இருன்னு சொல்றாங்க. எனக்குச் செபம் வரலடி. கோவம்தான் வருது."

நல்லடக்கத்தன்று பலர் பேசினார்கள். பொறுமைசாலி, எதையும் சிரித்துக்கொண்டே தாங்கியவர் என்றார்கள். அவர்கள் பேசிய பெண்ணை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஜெசிந்தா அக்கா கோபத்தோடுதான் போனார். அந்தக் கோபத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். உடைமாற்றும் அறையில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேஸ்திரிக் என்றால், நேராகப் போய்க் கேட்கிறேன்: "ஆய் போறப்ப ரத்தம் போகுதா?"

முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். பதில் வரும்வரை நான் நகர்வதில்லை.