முதலாளியா, தொழிலாளியா?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நான் சாலைக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். மலையாளம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அதனால் மலையாளத்தில் அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும்.

கடை ஊழியர்களுக்கு க்ஷேமநிதி, அதாவது நல நிதி, என்று சட்டம் வந்தபோது, லேபர் ஆபீசிலிருந்து ஒருவர் படிவத்தோடு வந்தார். வேலை செய்கிற எல்லாருடைய பெயரும் வேண்டும், யாருக்கு எந்தக் கிழமை லீவு என்பதும் வேண்டும் என்றார். என் பெயரையும் விற்பனைப் பெண்கள் இருவர் பெயரையும் எழுதினேன். ஏணியில் நின்று குத்துவிளக்கு எடுத்துக்கொண்டிருந்தவரை ஆபீசர் காட்டினார்.

"அது ஆரு?"

"என் மச்சினன். வீட்டு ஆளு. அவன் பேரு எதுக்கு?" என்றார் முதலாளி.

"அப்போ பார்ட்னரா?"

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சே, பார்ட்னர்லாம் இல்ல."

"எங்கில், அப்போ தொழிலாளி."

"பெண்டாட்டிக்குத் தம்பியத் தொழிலாளின்னு எழுதிட்டு நான் எப்படி சாரே வீட்டுக்குப் போவேன்?"

ஆபீசர் படிவத்தின் கட்டங்களைத் தொட்டுக் காட்டினார். "அண்ணாச்சி, இதில ரெண்டு கோளமே உள்ளு. முதலாளி, தொழிலாளி. மச்சினன்னு ஒரு கோளம் இல்ல."

மச்சினன் விளக்கோடு இறங்கி வந்தார். இருபது வயதில் கடைக்கு வந்தவர். இப்போது தலை முழுக்க நரை. "தொழிலாளின்னே எழுது பிள்ள," என்றார் என்னிடம். "லீவு செவ்வாக்கிழமை."

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாண வீட்டார் பெரிய உருளி கேட்டு வந்தார்கள். மச்சில் அது எந்த மூலையில் இருக்கிறதென்று மச்சினனுக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி வீட்டுக்கு போன் போட்டார். அவர் மனைவியின் குரல் எனக்கே கேட்டது: "தம்பிக்கு இன்னைக்கு லீவுல்லா? சட்டப்படி தூங்குதான். எழுப்ப மாட்டேன்."

முதலாளியே மச்சில் ஏறினார். தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கியபோது கல்யாண வீட்டார் எதிர்க் கடையில் இருந்தார்கள்.

நாலு மணிக்கு மச்சினன் வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம். வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் கடையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அந்த இட்லிப்பானை என்ன விலை?"

"லீவுன்னா வீட்ல இரி மாப்ளே!"

"வீட்ல போரடிக்கு அத்தான். நான் வாங்க வந்த ஆளாக்கும். விலையச் சொல்லுங்க."

பானையைத் தட்டிப் பார்த்தார், மூடி சரியில்லை என்றார், எழுந்து போவதுபோலப் பாவனை செய்தார். அவரிடம் ஜனங்கள் காட்டிய வித்தை அத்தனையும் அத்தானிடம் காட்டினார். விற்பனைப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார்கள். முதலாளி கடைசியில் சிரித்துவிட்டார்.

அடுத்த முறை ஆபீசர் வந்தபோது முதலாளி கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "சாரே, முதலாளிக்கு லீவு உண்டா?"

"அது நிங்ஙளே எடுத்தா மதி அண்ணாச்சி." அவரே எடுத்துக்கொண்டால் போதுமாம்.

அதன்பின் செவ்வாய்தோறும் கடைக்கே பூட்டு. முதல் செவ்வாய் நான் தம்பானூரில் பகல் காட்சிக்குப் போனேன். இரண்டு வரிசைக்கு முன்னால் முதலாளி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மச்சினன் கடலை தின்றபடி, கண் இமைக்காமல் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.