மூன்று அங்குல கார்டும் நான்கு வண்டிகளும்

1. எட்டு அங்குல வேகன்

நான் செய்த சரக்கு வேகனை முதலாளியின் பொம்மை எஞ்சினுக்குப் பின்னால் மாட்டியதும் ஒர்க்ஷாப் முழுவதும் சிரித்தது. எஞ்சின் புகைபோக்கியின் உயரம் ஏழு அங்குலம். என் வேகன் எட்டு அங்குலம்.

"ஏலே ஞானம், இந்த எஞ்சின் வேகனை இழுக்கவா, இல்ல வேகனுக்குள்ள ஏத்தி அனுப்பவா?" என்றார் சுப்பையா மேஸ்திரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி அது. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் ஒர்க்ஷாப்பில் பேட்டர்ன் மேக்கராக மூன்று மாதப் பரீட்சைக்கு என்னை எடுத்திருந்தார்கள். இரும்பை உருக்கி வார்ப்பதற்கு முன், மண்ணில் அச்சுப் பதிக்க மரத்தில் ஒரு மாதிரி செய்வோம், அதுதான் பேட்டர்ன். அதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்துகொண்டிருந்தேன்.

முதலாளி சென்னையில் ஒரு சீமை எஞ்சின் வாங்கி வந்திருந்தார். ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் நிஜமாகவே ஆவியில் ஓடும். பின்னால் மாட்ட வண்டிகள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தொழில் கண்காட்சியில், மில்லின் கடையில், அது ஒரு முழு ரயிலாக ஓட வேண்டும் என்பது அவர் ஆசை.

"நம்ம ஸ்டேஷன்ல நிக்குத வண்டி மாதிரியே இருக்கணும். ரெண்டு சரக்கு வேகன், ஒரு மூணாங்கிளாஸ், கடைசியில கார்டு நிக்குத பிரேக் வேன். சரியா வந்தா நீ பேட்டர்ன் மேக்கர். வரலேன்னா வண்டிச் சக்கரத்துக்கே போயிரு" என்றார்.

2. எங்கே பிசகியது

ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி வாங்கி, கூட்ஸ் ஷெட்டில் நின்ற வேகனை நூல் பிடித்து அளந்துதான் அந்த வேகனைச் செய்திருந்தேன். பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அங்குலம். எங்கள் ஊர்ப் பாதை மீட்டர் கேஜ், முப்பத்தொன்பது அங்குலத்துக்குச் சற்று மேல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பதினைந்தே முக்கால். ஆக, நிஜ வேகனில் பதினைந்தே முக்கால் அங்குலம் என் வேகனில் ஓர் அங்குலம். கணக்கில் பிழை இல்லை. இழைப்பிலும் பிழை இல்லை.

பிழை எஞ்சினைப் பார்த்த விதத்தில் இருந்தது. சீமைப் பாதை நம்முடையதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான அகலம். அந்தப் பாதையின் எஞ்சினைச் சுருக்கித்தான் பொம்மை செய்திருந்தார்கள். இரண்டரை அங்குலத்துக்குக் கொண்டுவர அவர்கள் அதிகம் சுருக்க வேண்டியிருந்தது. நான் குறைவாகச் சுருக்கிவிட்டேன். முதல் நாளே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எஞ்சினின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும், வண்டிகள் இடித்துக்கொள்ளாமல் தாங்கும் பஃபர் இரண்டு இருந்தன. எங்கள் ஊர் வேகனுக்கு நடுவில் ஒன்றுதான். இரண்டும் வேறு பாதையின் வண்டிகள் என்று அந்தப் பஃபரே சொன்னது. நான் கேட்கவில்லை.

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தது.

"எஞ்சின மட்டும் தனியா ஓட விடுவோம் முதலாளி. இவனுக்கு இது ஆவாது" என்றார் மேஸ்திரி.

"எட்டு நாள் குடுங்க முதலாளி. நாலையும் புதுசா செய்யுதேன்" என்றேன்.

முதலாளி வேகனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூலைப் பொருத்தை நகத்தால் சுரண்டினார். இடைவெளி இல்லை. "எட்டாம் நாள் காலையில பாப்பேன்" என்றார்.

3. அந்தோணி கார்டு

எந்த அளவில் சுருக்குவது? சீமைப் பாதையின் சரியான அகலம் அப்போது எனக்குத் தெரியாது; எஞ்சினோடு வந்த பெட்டியிலும் ஒரு குறிப்பும் இல்லை. மறுநாள் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். சரக்கு வண்டியின் கார்டு அந்தோணி என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னவே, திரும்பவும் நூலும் கையுமா வாரீரு? போன தடவ அளந்ததுக்குப் பொறவு வேகன் வளந்திருக்குமோன்னு பாக்கவா?"

சொல்லிவிட்டு எஞ்சினில் ஏறி டிரைவரோடு பேசினார். செத்த நேரத்தில் இறங்கி வந்து பிரேக் வேனில் ஏறினார். எஞ்சின் வாசலிலும் பிரேக் வேன் வாசலிலும் அவர் தலை மேல்விட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. எந்தப் பாதையானாலும் ஏறி நிற்கிற ஆளின் உயரம் மாறுவதில்லை.

"கார்டு ஐயா, உங்கள ஒரு தடவ அளந்துக்கிடவா?"

"எதுக்கு? பெட்டி செய்யவா? நான் இன்னும் சாவலவே!"

ஐந்தரை அடி இருந்தார்.

ஒர்க்ஷாப்புக்கு வந்து தேக்குத் துண்டில் ஓர் ஆளைச் செதுக்கினேன். பொம்மை எஞ்சினின் வாசலில் நிறுத்தி, தலை இடிக்காமலும் குள்ளமாகத் தெரியாமலும் வரும்வரை சீவினேன். மூன்று அங்குலத்தில் சரியாக நின்றார். அறுபத்தாறு அங்குல ஆள் மூன்று அங்குலமானால், இருபத்திரண்டுக்கு ஒன்று. அந்த அளவில் வேகன் ஐந்தே முக்கால் அங்குலத்துக்கு இறங்கியது. மூணாங்கிளாஸ் வாசல், பெஞ்சு, பிரேக் வேன் படி எல்லாவற்றிலும் அதே ஆளை நிறுத்திப் பார்த்துத்தான் ஆணி அடித்தேன். வண்டியின் உடம்புக்குச் சக்கர இடைவெளி சற்று அகலமாகத்தான் இருந்தது. தண்டவாளம் இரண்டரை அங்குலம் என்பதால் அதை மாற்ற முடியாது. எஞ்சினைத் தொட முதலாளி விடவில்லை. ஆகவே முதல் வேகனின் முன்பக்கம் மட்டும் இரட்டைப் பஃபர் வைத்தேன்.

எட்டாம் நாள் காலை முதலாளி தரையில் உட்கார்ந்து பார்த்தார். "பெயிண்ட் அடி" என்றார்.

4. கண்காட்சியில்

எஞ்சின் ஊதிக்கொண்டு கிளம்பியது. இரண்டு வேகனிலும் நிஜப் பஞ்சில் கட்டிய சிறு பேல் பொதிகள். முதல் சுற்று முடிவதற்குள் வத்திராயிருப்பிலிருந்து வந்த கூட்டத்தில் ஒருவர், "ஏலே, இது நம்ம வண்டில்லா!" என்று கத்தினார். அதற்குப் பின் கடை முன்னால் நிற்க இடம் இல்லை.

அந்தோணி கார்டு மனைவியோடு வந்தார். குந்தி உட்கார்ந்து, பிரேக் வேன் வாசலில் நின்ற மர ஆளைப் பார்த்தார்.

"வே, என் மூக்கு இம்புட்டு நீளமா?"

"கொறச்சுத்தான் வச்சிருக்காவ" என்றார் அவர் மனைவி.

பரிசு கொடுக்க வந்த அதிகாரி, வண்டிகளும் எஞ்சினோடு சீமையிலிருந்து வந்தவையா என்று கேட்டார். முதலாளி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "வண்டி நாலும் இவரு கைவேலை. எங்க மில்லு பேட்டர்ன் மேக்கர்" என்றார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, "கியர் பேட்டர்னுக்கு வெளியூர் ஆளுக்கு எழுத வேண்டாம். திங்கக்கெழம டிராயிங்க ஞானத்துக்கிட்ட குடும்" என்றார்.

திங்கட்கிழமை டிராயிங்கை விரித்ததும் நான் முதலில் கேட்டது, அது எந்த அளவில் சுருக்கி வரைந்தது என்பதைத்தான். ஓய்வு பெறும்வரை அதைக் கேட்காமல் உளியைத் தொட்டதில்லை.