நான்காவது ஆளுக்குக் காய்ச்சல்

கடலோர கோல்ஃப் மைதானங்களில் நாலு நாள் ஆடிவர, நண்பர்கள் நால்வரும் முடிவு செய்தோம். ஆக்லாந்திலிருந்து எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது என்று மண்டையை உடைத்துத் திட்டம் போட்டவன் நான். எங்களில் குகன் மட்டும் கோல்ஃப் கிளப் உறுப்பினர் என்பதால் பதிவுகளை மட்டும் அவன் பெயரில் போட்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

புறப்படுவதற்கு முதல் நாள் குகன் அழைத்தான். “மச்சான், கடல் பக்கம் பேய்க்காத்தாம். பயணத்தை விடுவம்.” நம்பினேன். லீவையும் ரத்து செய்தேன்.

சனிக்கிழமை பிளாக்ஹவுஸ் பே கடையில் குகனின் மனைவியைக் கண்டேன்.

“அண்ணை, காய்ச்சல் மாறிட்டுதோ? உங்களுக்கும் சேர்த்தெல்லோ கட்லட் பொரிச்சனான். கடைசியில உங்கட இடத்துக்கு இவரின்ர வேலையிட மனேஜர் போயிட்டார்.”

எனக்குக் காய்ச்சலே வரவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? “ஓம், மாறிட்டுது” என்றேன்.

திரும்பி வந்த குகன் மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன். “கோவிக்காதை மச்சான். நீ போட்ட ரூட் திறம்!” என்றான்.

இப்போது எல்லாப் பதிவும் என் பெயரில்தான். அடுத்த பயணத்தில் தனக்கு இடமிருக்கிறதா என்று போன வாரம் குகன் கேட்டான்.

“பேய்க்காத்தாம் மச்சான்” என்றேன்.