உடம்பில் உலோகம் உண்டா?

அக்காவுக்கு முதுகுவலி வந்தது பேக்கரி வேலையால்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஜெர்மனியின் எசன் நகரில் எட்டு வருடமாக மாத் தட்டுகளைத் தூக்கி அடுக்குகிற மனுசிக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? காந்தத்தால் படம் எடுக்கும் குழாய்க்குள் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். மூன்று மாதம் கழித்துத் தெர்மின் என்கிற முன்பதிவு நேரம் கிடைத்தது. அக்காவுக்கு ஜெர்மன் போதாது என்பதால் மொழிபெயர்க்க நானும் போனேன்.

போனவுடன் ஒரு படிவம் தந்தார்கள். கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று முதல் கேள்வி. அறுபது வயது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்பது அடுத்த கேள்வி.

"ஓம். செல் வெடிச்ச துண்டு கிடக்கு," என்றார், சீனி வருத்தம் இருக்கு என்பதுபோல.

நான் எண்பதுகளிலேயே கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவன். இலங்கையில் நடந்த போரைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அக்கா அதன் கடைசி நாள்வரை உள்ளே இருந்துவிட்டு, கணவரை இழந்து, தனியாக என்னிடம் வந்து சேர்ந்தவர். காயப்பட்டவர் என்பது தெரியும். ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் நான் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது நாகரிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வசதியான நாகரிகம்.

வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். உடம்புக்குள் உலோகம் பொருத்தியவர்களுக்கு ஒரு அட்டை கொடுப்பார்களாம், அதைக் காட்டச் சொன்னாள். என்ன உலோகம், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எந்த ஆஸ்பத்திரியில் பொருத்தியது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நான் அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஆமிக்காரன் பொருத்தினவன், அட்டை தரேல்லை எண்டு சொல்லு தம்பி."

பத்திரங்கள் போரில் தொலைந்துவிட்டன என்று நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினால் பிரதி அனுப்புவார்கள் என்று ஆறுதலும் சொன்னாள்.

குழாய்க்குள் விடவில்லை. சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்கள். அக்கா நாலு துண்டு என்று நம்பிக்கொண்டிருந்தார், படத்தில் பதினொன்று இருந்தன. ஒன்று முள்ளந்தண்டை ஒட்டிக் கிடந்தது. காந்தம் அதை அசைத்துவிடும், வெட்டி எடுப்பதும் ஆபத்து என்றார் அங்கிருந்த டாக்டர். பிறகு, இது எப்படி நேர்ந்தது என்று கேட்டார்.

அக்கா படத்தைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்.

"பால்மா குடுக்கினம் எண்டு லைனில நிண்டனான். செருப்புக் கழண்டுபோச்சு, குனிஞ்சனான். நிமிரேக்க முன்னுக்கு நிண்ட மனிசியும் இல்லை, பின்னுக்கு நிண்ட தாயும் பிள்ளையும் இல்லை. லைன் கட்டையாப் போச்சு. எனக்குக் கெதியாப் பால்மா கிடைச்சுது. அதை வாங்கினாப் பிறகுதான் முதுகில ரத்தம் ஓடுறது தெரிஞ்சது."

டாக்டர் என்னைப் பார்த்தார். போர்க்காயம் என்பதற்கு ஜெர்மனில் ஒரு நீளமான சொல் இருக்கிறது. அதை மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "நான் இவ்வளவு கதைச்சன். நீ ஒரு சொல்லுத்தானே சொன்னனி?"

"இந்தப் பாஷையில எல்லாத்துக்கும் ஒரு சொல் இருக்கக்கா," என்றேன். அவர் நம்பினாரா தெரியாது.

வலிக்குக் குளிசையும் உடற்பயிற்சியும் எழுதித் தந்தார்கள். மாத் தட்டு தூக்க ஏலாது என்று பேக்கரியில் அவரைக் கல்லாவுக்கு மாற்றினார்கள். வலி குறைந்தது, போகவில்லை.

அந்த வருடமும் போரில் இறந்தவர்களுக்கான நினைவுக் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். வருடாவருடம் நான்தான் பேசுவேன். குரல் தழுதழுக்க வேண்டிய இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தமுறை ஏலாது என்று சொல்லிவிட்டு, அக்காவைப் பேசச் சொல்லிக் கேட்டேன்.

அவர் வேலைக்குப் போகச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"லைனில நிண்டதைப் போய் மேடையில கதைக்கிறதோ? எல்லாரும்தானே நிண்டவை," என்றார். பஸ் வந்துவிடும் என்று படியிறங்கினார்.