எஸ்தர் மேடம் திறந்தது சரியான வரியைத்தான்

செய்தி வந்தபோது நான் சர்வர் அறையில் இருந்தேன். டெஸ்பாட்ச் பாண்டி செல்போனில் கூப்பிட்டு, "அண்ணே, நம்ம எஸ்தர் மேடம் தவறிட்டாகளாம். விருதுநகர்ல, காலைல. நெஞ்சுவலியாம்" என்றான். நாற்பத்திரண்டு வயது. "எந்த எஸ்தர்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு எஸ்தர்தான், இருந்தும் கேட்டேன். போனை வைத்துவிட்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு வருஷமாக நான் உட்காரும் நாற்காலிதான் அது.

அவருடைய கணவர் ஞானராஜ் சார் பள்ளிக்கூட ஆசிரியர். நாற்பதாம் நாள் ஜெபக் கூட்டத்துக்கு ஒரு சிறு நினைவு மலர் போடப்போகிறோம் என்றும், அதில் நான்தான் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். "வேலையில அவ கூடவே இருந்தவுக நீங்கதான முருகேசன்" என்றார். நம் அச்சகத்தில் இருந்த உங்களுக்கு அவரைத் தெரியும். அவருடைய சபையாருக்கும் விருதுநகர் கம்ப்யூட்டர் சென்டரில் அவரிடம் படித்தவர்களுக்கும், அவர் எங்களிடம் என்ன வேலை பார்த்தார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் சர்வர் அறைக்கு மேடம்தான் பொறுப்பு, நான் அவருக்கு உதவியாள். அங்கே எட்டு கம்ப்யூட்டர்கள் உண்டு. ஆனால் ஒரே ஒரு கீபோர்டு, ஒரே ஒரு திரை. நடுவில் கன்சோல் சுவிட்ச் என்று தட்டையாக ஒரு பெட்டி. எட்டில் எது வேண்டுமோ அதைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் அதன் திரை நம் முன்னால் வரும். புதிதாக வாங்கிய பெட்டியில் இன்னொரு வசதி இருந்தது. திருத்தங்கல் குடோனில் உட்கார்ந்துகொண்டே சிவகாசியில் இருக்கும் எட்டையும் பார்க்கலாம், இயக்கலாம். ஆனால் எந்தக் கேபிளின் மறுமுனையில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. நாம் எழுதிவைத்த பெயரை அது அப்படியே காட்டும், அவ்வளவுதான். அந்தப் பெயர்களை ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதியவர் எஸ்தர் மேடம். மூன்றாவது வரி மெயில், ஐந்தாவது வரி ஆர்டர். எட்டாவதாக, எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கும் கம்ப்யூட்டருக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார். "எப்பவோ நடந்ததெல்லாம் ஞாபகம் வச்சிருக்கும்லா" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றுவார். அது எப்போதும் பைபிளில் உள்ள ஒரு சங்கீதத்தின் எண்ணும் வசனத்தின் எண்ணுமாக இருக்கும். "வேதத்தைத் திறந்தாத்தான் இந்தப் பெட்டியைத் திறக்க முடியும் முருகேசன், உங்களுக்கு இப்படியாச்சும் புண்ணியம் சேரட்டும்" என்பார். அவர் தயவில் நானும் நாலைந்து சங்கீதம் படித்தேன்.

ஒரு நாள் மதியம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எம். புதுப்பட்டிப் பக்கம் வெடிவிபத்து என்றார்கள். என் தங்கச்சி அப்போது அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து இடிக்கும் ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் வேலை பார்த்தாள். போன் லைன் எதுவும் கிடைக்கவில்லை. நான் அதே நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். மேடம் தன் டிவிஎஸ் சாவியை என் சட்டைப் பையில் போட்டு, "கெளம்புங்க, இங்கன நான் பாத்துக்கிடுறேன்" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். தங்கச்சிக்கு ஒன்றும் இல்லை, வேறு கம்பெனி. நான் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சீசன் நேரத்தில் கேட்காமல் எப்படிப் போனான் என்று முதலாளி குதித்திருக்கிறார். மேடம் சொன்ன பதிலைப் பாண்டிதான் எனக்குச் சொன்னான். "நான்தான் சார் அனுப்பினேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க." எனக்காக அப்படிப் போய் நின்ற மனுஷிக்கு நான் செய்ததைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

நம் ஊரில் ஆயுதபூஜை என்றால் தெரியும். மெஷினைக் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுநாள்தான் திரும்ப ஓட்டுவோம். சர்வர் அறைக்கும் அதே கதைதான். மேடம் ஒவ்வொரு வருஷமும் ஓரமாக நின்று பார்த்துவிட்டு இரண்டு பை பொரி வாங்கிக்கொண்டு போவார். அந்த வருஷம் அவருக்குத் திருத்தங்கலில் வேலை. போகும்போதே வாசலில் நின்று, "தொடைங்க, பொட்டு வைங்க, எம்புட்டு வேணாலும் சந்தனம் அப்புங்க. கேபிளை மட்டும் கழட்டாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கழற்றினேன். லேபிளில் பளபளப்புக்குத் தூவும் தங்கத்தூள், கன்சோல் பெட்டியின் பின்பக்கமெல்லாம் அப்பிக் கிடந்தது, பளிச்சென்று இருக்கட்டுமே என்ற ஆசை. ஈரத் துணி பட்டதில் கேபிளில் ஒட்டியிருந்த சீட்டு இரண்டு ஊறி உரிந்து போயிற்று. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே என்ற திமிரில் சொருகினேன். மூன்றாவதையும் ஐந்தாவதையும் மாற்றிச் சொருகிவிட்டேன். கன்சோல் சுவிட்சின் நெற்றியில் மூன்று விரலால் பட்டையாகச் சந்தனம் பூசி, கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். மெயில் வரவில்லை. பட்டாசுப் பெட்டி லேபிள் டிசைன் எல்லாம் மெயிலில்தான் வரும், தீபாவளிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற நேரம். மேடம் திருத்தங்கலில் இருந்தபடியே பட்டியலில் மூன்றாவது வரியை, மெயில் என்று அவரே எழுதிய வரியைத் திறந்தார். திரை கருப்பாக இருந்தது. மெயில் கம்ப்யூட்டர் உறைந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும். ஆர்டர் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டாலும் திரை அப்படித்தான் இருட்டும். வழக்கமாகச் செய்வதுபோல மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். மறுபடி தொடங்கியது ஆர்டர் கம்ப்யூட்டர். அந்த நேரம் விஸ்வநத்தத்துப் பார்ட்டி ஒருவரின் சீசன் லேபிள் மொத்தமும் அதிலிருந்து அச்சுப் பிளேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அறுந்ததில் ஃபைல் எல்லாம் கெட்டுப்போயிற்று. முந்தின நாள் பூஜைக்காக நிறுத்தி வைத்ததால் 'மாமியாரி'டமும் நகல் இல்லை.

பிளேட் செக்‌ஷனில் கூச்சல் கேட்டது. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பெட்டியின் பின்னால் போய் இரண்டு கேபிளையும் பிடுங்கி, சரியாக மாற்றிச் சொருகினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. யார் எந்த வரியைத் திறந்தார் என்று குறித்து வைக்கும் வசதி எங்கள் பெட்டியில் கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். மேடம் பஸ் பிடித்து மூச்சிரைக்க வந்தார். மூன்றாவது வரியைத் திறந்தார், மெயில். ஐந்தாவதைத் திறந்தார், ஆர்டர். எல்லாம் எழுதியபடியே இருந்தது. திரும்பத் திரும்ப நாலைந்து தடவை திறந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் நின்றார்.

முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். "பொம்பளை கையில இம்புட்டுப் பெரிய பொறுப்பைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." பார்ட்டி ஆர்டரை வேறு பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். மேடத்திடமிருந்து சர்வர் அறைச் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். அவரை டெஸ்பாட்சில் சீட்டு எழுதும் மேஜையில் உட்கார வைத்தார்கள். அவர் இருந்த பதவியும் எனக்குத்தான் வந்தது. புது பாஸ்வேர்டு போட்டேன், அதில் சங்கீதம் எதுவும் இல்லை. எட்டு மாதம் அந்த மேஜையில் இருந்து பார்த்துவிட்டு, விருதுநகரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். பிரிவுபசாரத்தில் அவருக்குச் சால்வை போட்டதும் நான்தான், வெட்கக்கேடு. தங்கச்சி கல்யாணம் நெருங்கியிருந்தது, வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். கல்யாணம் முடிந்து, அவள் பிள்ளை பால்வாடிக்குப் போகிறது. அப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லையே!

துக்க வீட்டில் ஞானராஜ் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் அவ பழைய ஆளே இல்லை முருகேசன். ஃபேனை நிறுத்தணும்னாக்கூட, 'இது எந்த சுவிட்சு, சொல்லுங்க'ன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் கையை வைப்பா." நாலு வருஷம். ஒரே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அவர் வீடு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தன் கையைத் தானே சந்தேகப்படாமல் இருந்திருப்பார். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. "நல்லவுக சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாலையைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே, கூட வேலை பார்த்த எல்லாரும் கேளுங்கள். எஸ்தர் மேடம் தப்புச் செய்யவில்லை. சரியான வரியைத்தான் திறந்தார். கேபிளை மாற்றிச் சொருகியவன் நான், யாருக்கும் தெரியாமல் திரும்ப மாற்றியவனும் நான்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் முன் விருதுநகர் போய் ஞானராஜ் சாரிடம் படித்துக் காட்டினேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அவ விவரமான ஆளாச்சே. கேபிள் எதுவும் மாறியிருக்கான்னு உங்ககிட்ட கேட்கலையா?"

நான் தாள்களை அவர் முன்னால் வைத்தேன்.

"கேட்டாளா, இல்லையா?"

"கேட்டாங்க சார்."

"நீங்க என்ன சொன்னீக?"

"நான் கேபிளைத் தொடவே இல்லைன்னு சொன்னேன்."

அவர் தாள்களை அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அதையும் எழுதிருங்க" என்றார்.

எழுதுகிறேன். மேலே ஓரிடத்தில் 'ஒன்றும் பேசாமல் நின்றார்' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அது பொய். அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும். மேடம் பேசினார். "முருகேசன், நேத்துப் பூஜைல கேபிள் எதுவும் கழட்டினீகளா?" என்று கேட்டார். கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார். நான் இல்லை என்றதும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "அப்ப நான்தான் பாக்காம அமுக்கிட்டேன் போல" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் வாயால் சொல்ல வைத்தேன்.